பாடிகார்டு கோர்ஸ்: 38,000 ரூபாய்க்கு எனக்கு என்ன கிடைத்தது?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். இந்த எபிசோடில் பேசுபவர் சென்னையில் தனிநபர் பாதுகாப்பு வேலையில் இருப்பவர். வேலையின் தன்மை கருதி அவர் பெயரையும், அவர் படித்த, வேலை பார்த்த இடங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.)

போன வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. அனுப்பியவன் எங்கள் ஏரியா ஜிம்முக்கு வருகிற ஒரு பையன், 22 வயசு. போஸ்டரில் கறுப்பு டிரஸ், கறுப்புக் கண்ணாடி, காதில் இயர்பீஸோடு நாலு பேர் ஒரு காரைச் சுத்தி நிக்கிறாங்க. மேலே பெரிய எழுத்தில், 'அரசு விதிப்படி பாடிகார்டு லைசென்ஸ் பயிற்சி'. கீழே, '100% வேலை உத்தரவாதம்'. அதுக்குக் கீழே பையனோட மெசேஜ்: 'அண்ணா, சேரலாமா? நாளைக்குள்ள அட்வான்ஸ் கட்டணுமாம்.'

இந்த மாதிரி மெசேஜ் எனக்கு மாதத்துக்கு ரெண்டு மூணு வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணிப் பதில் சொல்லி அலுத்துப்போச்சு. அதனால்தான் இந்த எபிசோடில் பேச ஒத்துக்கிட்டேன். 'சேரு', 'சேராதே'ன்னு ஒரு வார்த்தையில் சொல்ல முடியாத விஷயம் இது. ஏன்னா நானே அப்படி ஒரு கோர்ஸில் சேர்ந்தவன்தான்.

நான் சேர்ந்த கதை

2020 வரைக்கும் நான் ஜிம் டிரெய்னர். மார்ச்சில் லாக்டவுன் வந்தது, ஜிம்மை மூடினார்கள். திறந்தபோது பாதி மெம்பர்கள் திரும்பி வரவில்லை, என் சம்பளமும் பாதியானது. அந்த வருடக் கடைசியில் ஒரு பயிற்சி நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். அங்கே இருந்தவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. "தம்பி, ரூல்ஸ் மாறிடுச்சு. இனிமே லைசென்ஸ் இல்லாம எவனும் பாடிகார்டா நிக்க முடியாது. இப்ப எடுத்துட்டீங்கன்னா நீங்கதான் முதல் செட்."

பயம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். பீஸ் 38,000 ரூபாய். அம்மாவின் கம்மலையும் ஒரு செயினையும் அடகு வைத்துக் கட்டினேன். பன்னிரண்டு நாள் கோர்ஸ். காலையில் ஓட்டம், பிறகு கைச்சண்டை, பிறகு காரைச் சுற்றி நிற்பது, கதவைத் திறந்துவிடுவது. ஒரு நாள் துப்பாக்கிப் பயிற்சி என்று கூட்டிப்போனார்கள். கையில் கொடுத்தது ஏர் கன். ஆனால் அதை வைத்து எடுத்த போட்டோ பிரமாதமாக இருந்தது. கடைசி நாள் சர்டிபிகேட் கொடுத்தார்கள். மேலே நாலு சிங்கம் மாதிரி ஒரு முத்திரை, கீழே ஒரு பதிவு எண்.

அந்த சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு முதல் ஏஜென்சிக்குப் போனேன். இன்டர்வியூ எடுத்தவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை மணி நேரப் பயிற்சி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பன்னெண்டு நாள் சார்" என்றேன். சிரித்தார். "வேலைக்கு எடுத்துக்கறேன். ஆனா இந்தப் பேப்பருக்காக இல்ல. உன் உடம்புக்காகவும், நீ பொய் சொல்லாததுக்காகவும்."

அவர் ஏன் சிரித்தார் என்று அன்றைக்குப் புரியவில்லை. சட்டத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது.

லைசென்ஸ் யாருக்கு?

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு ஒரு மத்தியச் சட்டம் இருக்கு. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005. தொழிலில் இருக்கிறவர்கள் 'பசாரா' என்று சொல்வார்கள். இது வாட்ச்மேன்களுக்கு மட்டுமான சட்டம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கிடையாது. ஒரு சொத்தைப் பாதுகாப்பது, ஒரு நபரைப் பாதுகாப்பது, ரெண்டையும் சேர்த்துத்தான் சட்டம் 'தனியார் பாதுகாப்பு' என்கிறது. அதனால் ஏஜென்சி மூலமாகப் போகிற பாடிகார்டும் இதற்குள் வருகிறார்.

முக்கியமான விஷயம் இதுதான். இந்தச் சட்டத்தில் லைசென்ஸ் என்பது ஏஜென்சிக்கு. எனக்கோ உங்களுக்கோ இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய லைசென்ஸ் அது. லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். தனி மனிதருக்கு 'பாடிகார்டு லைசென்ஸ்' என்று ஒன்றை இந்தச் சட்டம் கொடுப்பதே இல்லை. உங்களுக்கு ஏஜென்சி கொடுக்கிற போட்டோ ஒட்டிய அடையாள அட்டை உண்டு, பயிற்சி முடித்த சான்று உண்டு. அவ்வளவுதான். ஆக, போஸ்டரில் 'பாடிகார்டு லைசென்ஸ் பயிற்சி' என்று இருந்தால் முதல் வார்த்தையிலேயே தப்பு.

ரூல்ஸ் மாறியது பொய்யா? இல்லை. 2020-இல் மத்திய அரசு புதிய மாதிரி விதிகளை வெளியிட்டது உண்மை. ஆனால் அவை ஏஜென்சிகளுக்கான விதிகள். அதை எடுத்து, வேலை இல்லாமல் நிற்கிற ஒரு பையனிடம் 'உனக்குத்தான் லைசென்ஸ் இல்ல'ன்னு மாத்திச் சொல்வதுதான் வியாபாரம்.

இன்னொன்று சொல்கிறேன், இதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கு வந்தது. அதே சட்டத்தில், காவலர்களுக்கு உரிய பயிற்சி கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டிய பொறுப்பு ஏஜென்சியுடையது என்று இருக்கு. சட்டம் அந்தப் பொறுப்பை யார் தலையில் வைத்ததோ, அவர்கள் யாரும் என் செலவை ஏற்கவில்லை. கம்மலை அடகு வைத்தது எங்கம்மா.

மணி நேரக் கணக்கு

ஹவில்தார் சார் கேட்ட கேள்விக்கு வருவோம். 2006-இல் வந்த மத்திய மாதிரி விதிகள் ஒரு அளவுகோல் வைத்தன. வகுப்பறையில் குறைந்தது 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், மொத்தம் 160. அதுவும் குறைந்தபட்சம் 20 வேலை நாட்களில் பரவி இருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் மட்டும் சுருக்கமான கோர்ஸ்: 40 மணி நேர வகுப்பு, 16 மணி நேரக் களப் பயிற்சி, குறைந்தது 7 நாள்.

இப்போ நீங்களே கணக்குப் போடுங்க. 160 மணி நேரத்தை 20 நாளில் முடிக்கணும்னா ஒரு நாளைக்கு முழுசா எட்டு மணி நேரம். என் கோர்ஸ் பன்னிரண்டு நாள், தினமும் ஆறு மணி நேரம், அதில் டீ பிரேக் ரெண்டு. நல்ல மனசோடு கணக்குப் போட்டாலும் 72 மணி நேரம். பாதிகூட இல்லை. கோர்ஸ் நோட்டீஸில் 'பத்து நாளில் பாடிகார்டு' என்று பார்த்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள். கால்குலேட்டர்கூட வேண்டாம்.

மணி நேரத்துக்கு அடுத்து, என்ன சொல்லித்தருகிறார்கள் என்பது. அந்த விதிகளின் பாடப் பட்டியலில் உடல் தகுதி இருக்கு. கூடவே தீயணைப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாள ஆவணங்களைச் சரிபார்ப்பது, வெடிபொருளை அடையாளம் காண்பது, முதலுதவி, அவசரநிலையில் செயல்படுவது, சட்டத்தின் அடிப்படை, எஃப்.ஐ.ஆர். பதிவது எப்படி என்பதெல்லாம் இருக்கு. துப்பாக்கி கையாள்வது? அது அந்தப் பட்டியலில் விருப்பப் பாடம்தான். போஸ்டரில் முதலில் வருவது பட்டியலில் ஓரத்தில் இருக்கு. பட்டியலின் நடுவில் இருக்கிற முதலுதவி எங்கள் கோர்ஸில் அரை மணி நேரம். பேண்டேஜ் சுற்றுவதோடு முடிந்துவிட்டது.

அந்த அரை மணி நேரத்தின் விலையை நான் ஒரு கல்யாண மண்டபத்தில் தெரிந்துகொண்டேன்.

மண்டபத்தில் நடந்தது

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு தொழிலதிபருடன் டூட்டி. எழுபது வயசு இருக்கும், எல்லாரும் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். ரிசப்ஷன் மேடையில் வாழ்த்திவிட்டுப் படியில் இறங்கும்போது சரிந்து விழுந்தார். நான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தேன். அவருக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றேன். யாரையும் கிட்டே விடவில்லை. எவ்வளவு கச்சிதமாக நின்றேன் தெரியுமா? பயிற்சி மாஸ்டர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

பட்டுப்புடவையில் ஒரு பெண் என் கையைத் தள்ளிக்கொண்டு வந்தார். "நான் நர்ஸ், விடுங்க" என்றார். நான் விடவில்லை. தள்ளினேன். மறுபடி வந்தார், மறுபடி தள்ளினேன். பின்னாலிருந்து ஹவில்தார் சார் கத்தினார். "டேய், அவங்களை உள்ள விடுடா!"

அந்தப் பெண் மண்டியிட்டு ஐயாவின் மூச்சைப் பார்த்தார். உடனே நெஞ்சில் அழுத்த ஆரம்பித்தார். ஹவில்தார் சார் 108-க்குப் போன் போட்டார். அந்தப் பெண் களைத்ததும் இவர் மாற்றிக்கொண்டு அழுத்தினார். நான் சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது.

ஐயா பிழைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துலயே நின்னியாமே தம்பி, நல்லா இருப்பா" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நான் அந்த நர்ஸைத் தடுத்த நேரம் பத்து செகண்டோ இருபது செகண்டோ தெரியாது. இன்றைக்கும் சில ராத்திரிகளில் அதை எண்ணிப்பார்ப்பேன்.

இதயம் நின்றுபோன ஒருத்தருக்கு நிமிடத்துக்கு 100-இலிருந்து 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். ஆறைத் தாண்டக் கூடாது. இதைப் பிறகு தனியாக ஒரு முதலுதவி வகுப்புக்குப் போய், பொம்மை மேல் அழுத்தி அழுத்தி, கை வலிக்கக் கற்றுக்கொண்டேன். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், ரெட் கிராஸ் மாதிரி அமைப்புகள் இந்தப் பயிற்சியை நடத்துகின்றன. எனக்கு ஆன செலவு அந்தப் பாடிகார்டு கோர்ஸ் பீஸில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

குண்டுக்கு முன்னால் பாய்வது மட்டும் வேலை இல்லை

பாடிகார்டுன்னா குண்டுக்கு முன்னால் பாயணும்னு சினிமா சொல்லும். அப்படி நிஜமாகவே ஒருத்தர் குறுக்கே நின்ற சம்பவம் உண்டு. 1981 மார்ச் 30, வாஷிங்டன். அமெரிக்க அதிபர் ரீகன் ஹில்டன் ஹோட்டலிலிருந்து வெளியே வருகிறார். ஒருவன் ஆறு முறை சுடுகிறான். டிம் மெக்கார்த்தி என்ற பாதுகாப்பு ஏஜென்ட் உடம்பை விரித்துக் குறுக்கே நின்று வயிற்றில் குண்டு வாங்கினார். இது எல்லாரும் சொல்கிற பாதி.

மீதிப் பாதி காருக்குள் நடந்தது. ரீகனைக் காருக்குள் தள்ளிய ஏஜென்ட் ஜெர்ரி பார், முதலில் வெள்ளை மாளிகைக்குத்தான் கிளம்பினார். குண்டு பட்டதே அப்போது தெரியாது. ரீகன் விலா வலிக்கிறது என்கிறார், வாயில் நுரையோடு ரத்தம் வருகிறது. நுரை கலந்த ரத்தம் என்றால் நுரையீரலில் அடி என்று பார் புரிந்துகொண்டு, காரை ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். ரீகன் பிழைத்தார். ரெண்டு பேருமே வீரர்கள்தான். ஆனால் ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டினால், பார் செய்ததைத்தான் உங்களால் வாங்க முடியும். மெக்கார்த்தி செய்ததை யாரும் பன்னிரண்டு நாளில் விற்க முடியாது.

கூட்டம் பற்றியும் சொல்லணும், ஏன்னா நம்ம ஊரில் இந்த வேலையில் பாதி கூட்டம்தான். 2024 டிசம்பர் 4, ஹைதராபாத் சந்தியா தியேட்டர், 'புஷ்பா 2' சிறப்புக் காட்சி. ஹீரோ வந்த நேரத்தில் நெரிசல். ஒரு பெண் இறந்துபோனார், அவருடைய மகன் உயிருக்குப் போராடினான். அதன் பிறகு ஹைதராபாத் போலீஸ் கமிஷனர் பவுன்சர்களுக்கும் அவர்களை அனுப்புகிற ஏஜென்சிகளுக்கும் வெளிப்படையாக எச்சரிக்கை விட்டார். பொதுமக்களையோ போலீசையோ தள்ளினால் நடவடிக்கை என்று.

நான் அந்த வீடியோக்களைப் பார்த்தபோது என் மண்டபம்தான் ஞாபகம் வந்தது. நமக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: நம்ம ஆளைச் சுற்றி வட்டம் போடு, மற்றவர்களைத் தள்ளு. அந்த மற்றவர்கள் எங்கே போய் விழுவார்கள் என்பது பாடத்தில் இல்லை. நெரிசலில் முன்னால் நிற்கிறவரைத் தள்ளினால் அவர் பின்னால் போக இடம் இருக்கா என்று முதலில் பார்க்கணும். நல்ல பாதுகாப்பு வேலை அதற்கும் முந்தைய நாளே ஆரம்பிக்கும். எந்த வாசல் வழியாக வருவது, கார் எங்கே நிற்கும், இன்னொரு வழி எது, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வரவே கூடாத நேரம் எது. 'சார், இப்ப போக வேண்டாம்' என்று முதலாளியிடம் சொல்கிற தைரியம் கைச்சண்டையைவிட அதிகம் உதவும்.

சட்டத்தில் நாம யாரு?

சாதாரண மனுஷங்கதான். கறுப்பு டிரஸ் போட்டாலும் ஒரு பாடிகார்டுக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. செல்பி எடுக்க வருகிறவரின் போனைப் பிடுங்கி உடைத்தால் கேஸ் நம்ம மேல்தான். ராணுவம், போலீஸ் மாதிரி தோன்றுகிற யூனிபார்ம் போடுவதும் பசாரா சட்டத்தில் குற்றம்.

நம்மிடம் இருப்பது எல்லாக் குடிமக்களுக்கும் இருக்கிற தற்காப்பு உரிமை. அது நம்ம உடம்புக்கு மட்டும் இல்லை, இன்னொருத்தர் உடம்பைக் காப்பாற்றவும் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடிகூட அந்த உரிமைக்குள் வராது. பழைய ஐ.பி.சி.யில் இது 96 முதல் 106 வரையான பிரிவுகள். 2024 ஜூலை 1-இலிருந்து ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 34 முதல் 44 வரை. ஒருத்தர் கண் முன்னாலேயே பெரிய குற்றம் செய்தால் பொதுமக்களில் யாரும் அவரைப் பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது.

இது ஒரு நல்ல டெஸ்ட்டும்கூட. கோர்ஸ் நடத்துகிறவரிடம் 'சார், தற்காப்பு உரிமை இப்ப எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் வருது?'ன்னு கேளுங்க. இன்னும் ஐ.பி.சி. என்று சொன்னால், அவர் நோட்ஸ் 2024-க்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

துப்பாக்கிக்கும் இதே கதைதான். எந்த கோர்ஸும் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கித்தர முடியாது. அதை ஆயுதச் சட்டத்தின் கீழ் கொடுப்பது அரசு. 'கோர்ஸோட கன் லைசென்ஸும் ஏற்பாடு பண்ணித்தரோம்' என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

லண்டன் சர்டிபிகேட்

சில இடங்களில் 'யு.கே. சிலபஸ்' என்று போட்டு பீஸை இரட்டிப்பாக்குகிறார்கள். அங்கே என்ன முறை என்று தெரிந்தால் இது புரியும். பிரிட்டனில் 2001-இல் ஒரு சட்டம் போட்டு, செக்யூரிட்டி இண்டஸ்ட்ரி அத்தாரிட்டி என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அங்கே லைசென்ஸ் தனி மனிதருக்கு. ஒப்பந்த அடிப்படையில் பாடிகார்டு வேலை பார்க்கிறவர் தன் பெயரில் லைசென்ஸ் வைத்திருக்கணும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கணும். அதற்கு அந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட தகுதிப் படிப்பு மட்டும்தான் செல்லும். இங்கே ஒரு ஹாலில் நடத்தின 'யு.கே. சிலபஸ்' அங்கே லைசென்ஸ் ஆகாது.

அந்த ஊர் முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று. பாடிகார்டு கோர்ஸில் உட்காருவதற்கு முன்பே முதலுதவிச் சான்று கையில் இருக்கணும். வரிசையைக் கவனிங்க. முதலில் உயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொள், அப்புறம் காரைச் சுற்றி நில். எனக்கு இது தலைகீழாக நடந்தது.

சரி, சேரலாமா?

என் கோர்ஸை முழுசா குப்பைன்னு சொல்ல மாட்டேன். அங்கே ஒரு மாஸ்டர், "முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். ஆபத்து கையிலதான் வரும்" என்று சொல்லிக்கொடுத்தார். அதை இன்றைக்கும் தினமும் செய்கிறேன். எனக்கு அந்த ஏஜென்சி முகவரி கொடுத்தது அதே பேட்ச்சில் படித்த நண்பன்தான். ஆனால் இந்த ரெண்டு விஷயத்துக்கு 38,000 ரூபாய் அதிகம். என் முதல் மாதச் சம்பளம் 18,000 ரூபாய், 12 மணி நேர ஷிப்ட். கம்மலை மீட்க ஒன்பது மாதம் ஆனது.

அதனால் இப்போ யார் கேட்டாலும் நான் சொல்கிற வரிசை இது. முதலில் ஒரு முதலுதவிப் பயிற்சி. அது இந்த வேலை கிடைக்காவிட்டாலும் வீணாகாது. ரெண்டாவது, கார் ஓட்டத் தெரியாவிட்டால் முறையாகக் கற்று லைசென்ஸ் எடுங்கள். மூணாவது, கோர்ஸுக்குப் போவதற்கு முன்னால் நேராக ரெண்டு மூணு ஏஜென்சி ஆபீஸுக்குப் போங்க. சட்டப்படி லைசென்ஸை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அவர்கள் மாட்டியிருக்க வேண்டும். சுவரைப் பாருங்கள். இருந்தால், 'நான் சேர்ந்தா நீங்களே பயிற்சி கொடுப்பீங்களா? இல்லைன்னா எந்தப் பயிற்சிச் சான்றை ஏத்துக்கறீங்க? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா?' என்று கேளுங்கள். யார் உங்களுக்கு வேலை கொடுக்கப்போகிறாரோ அவரிடம் கேட்காமல், யார் உங்களுக்கு கோர்ஸ் விற்கிறாரோ அவரிடம் கேட்டால் பதில் எப்போதும் 'ஆமா'தான்.

அதற்குப் பிறகும் ஒரு கோர்ஸில் சேரணும் என்றால் நாலு கேள்வி. மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் களப் பயிற்சி எவ்வளவு? முதலுதவி யார் நடத்துகிறார், பொம்மை இருக்கா? போன பேட்ச்சில் படித்த ரெண்டு பேர் நம்பர் கொடுப்பீர்களா? வேலை உத்தரவாதம் என்றால், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதிக் கொடுப்பீர்களா? சர்டிபிகேட்டின் மாதிரியையும் பார்த்துவிடுங்கள். நாலு சிங்க முத்திரையைத் தனியார் யாரும் இஷ்டத்துக்குப் போட முடியாது, அதற்குத் தனிச் சட்டமே இருக்கு. 'அரசு பதிவு பெற்றது' என்று இருந்தால் எதற்கான பதிவு என்று கேளுங்கள். என் சர்டிபிகேட்டில் இருந்த எண் அந்தக் கம்பெனியின் சிறுதொழில் பதிவு எண். மாவு மில்லுக்குக்கூட அது கிடைக்கும்.

'நாளைக்குள்ள கட்டணும்' என்கிற அவசரத்துக்குப் பணியவே பணியாதீர்கள். அவசரப்படுத்துகிறவரிடம் நிதானமாக நிற்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம்.

அந்தப் பையனுக்கு இதையெல்லாம் வாய்ஸ் நோட்டில் சொன்னேன். அடுத்த நாள் பதில் வந்தது. 'அண்ணா, நாலு கேள்வியும் கேட்டேன். மூணாவது கேள்வியிலயே போனை வெச்சுட்டாங்க.' கூடவே ஒரு சிரிப்பு எமோஜி. அட்வான்ஸ் கட்டவில்லை. வர ஞாயிற்றுக்கிழமை முதலுதவி வகுப்புக்கு என்கூட வரான். எனக்கும் ஒருமுறை திரும்பப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கு.

நீங்களும் இந்த மாதிரி கோர்ஸில் படித்திருந்தால், எத்தனை மணி நேரம், என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எழுதி அனுப்புங்க. அடுத்து யோசிக்கிற ஒரு பையனுக்கு அது உதவும்.